உழவர் மொழி போற்றிய வில்லியம் பார்ன்ஸ் பாதிரியார்

கற்றோர் எழுதும் நூல்களில் வழங்குவனவே சிறந்த சொற்களென்றும், வயலிலும் களத்துமேட்டிலும் வழங்குவன சிதைந்த சொற்களென்றும் எண்ணுதல் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அவ்வெண்ணம் கற்றவரளவில் நில்லாது, நாளடைவில் அவ்வுழவர் உள்ளத்திலும் புகுந்துவிடுகிறது. தம் தாய் பேசிய சொல்லைப் பிறர்முன் சொல்ல அவர்கள் நாணுகின்றனர். தம் மக்கள் அதனை மறப்பின் அம்மறதியை நாகரிகமென்று கொள்கின்றனர். 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கில நாட்டின் தென்மேற்கிலுள்ள டார்செட் மாவட்டத்திலே, இவ்வெண்ணம் பிழையென்று காட்டுதற்குத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் இருந்தார். அவர் உழவர் குடியிற் பிறந்தவர்; நெடுங்காலம் பள்ளியாசிரியராய் இருந்தவர்; முதுமையிற் சிற்றூர்ப் பாதிரியாராய் அமர்ந்தவர். வில்லியம் பார்ன்ஸ் என்பது அவர் பெயர். அவர் வரலாறு நம் அன்பர் யாவரும், சிறப்பாக நம் இல்லங்களிற் கல்வி பயிலும் சிறுவர் சிறுமியரும், அறிதற்குரியது.

பிறப்பும் இளமையும்

டார்செட் மாவட்டத்தின் வடபகுதியில் பிளாக்மோர் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. களிமண் நிலமும், வேலி சூழ்ந்த புல்வெளிகளும், கறவை மாடுகளும், ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த இடம் அது. அங்கே ஸ்டௌர் ஆற்றங்கரையில் ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்னும் ஊரும், அதனை அடுத்துப் பாக்பர் என்னும் சிறு குடியிருப்பும் உள்ளன. அப்பாக்பரில் 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் வில்லியம் பார்ன்ஸ் பிறந்தார். தந்தையார் பெயர் ஜான் பார்ன்ஸ். தாயார் பெயர் கிரேஸ். அவர்கள் செல்வர் அல்லர். நிலத்தில் உழைத்து உண்டவர்கள்.

குழந்தையின் கைகள் மிகச் சிறியனவாய் இருந்தமையால், இவன் எங்ஙனம் வயல்வேலை செய்து பிழைப்பான் என்று தாயார் கவலையுற்றனராம். அயலிலே குறி சொல்லும் முதியவள் ஒருத்தி, இவன் நூல்களைக் கற்று அவற்றாலே பிழைப்பான் என்று அவரைத் தேற்றினாளாம். இதனை அவர் மகளார் லூசி பிற்காலத்தில் தாம் எழுதிய தந்தையார் வரலாற்றிற் குறித்துள்ளார். மகன் நூலாற் பிழைத்தமையைக் காணுதற்கு அவ்வன்னையார் உயிரோடு இருந்திலர். வில்லியம் சிறு பிள்ளையாய் இருந்தபோதே அவர் காலமாயினர்.

அண்மையில் உறவினர் ஒருவருடைய பண்ணை இருந்தது. வைக்கோற் போரும், கறவைக் கூடமும், அறுவடை விருந்தும் உடைய அப்பண்ணை சிறுவனுக்கு இரண்டாம் இல்லமாயிற்று. 1815-இல் நெப்போலியனோடு நிகழ்ந்த போர் முடிந்தது; முடிந்தபின் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. ஆங்கில நாட்டுச் சிறு பண்ணையாளர் பலர் நிலை குலைந்தனர். அவ்வுறவினரும் தம் பண்ணையை இழந்தார். பார்ன்ஸ் பின்னாளிற் பாடிய பாட்டுக்கள் பலவற்றில் வெறுமையான வீடும், பாழ்பட்ட தோட்டமும், பிரிந்து சென்ற குடும்பமும் இடையிடையே தோன்றுதற்கு இவ்விளமை நினைவே காரணம் எனலாம்.

ஊர்ப்பள்ளியிற் சிறிது காலமே அவர் பயின்றார். ஒருநாள் அவ்வூர் வழக்கறிஞர் டாஷ்வுட் என்பவர் பள்ளிக்கு வந்து, அழகாக எழுதவல்ல சிறுவன் ஒருவன் தமக்கு வேண்டுமென்று கேட்டார். தெரிந்தெடுக்கப்பெற்றவன் வில்லியமே. இங்ஙனம் ஏறத்தாழ 13-ஆம் வயதிற் பள்ளிக்கல்வி முடிந்து எழுத்தர் வேலை தொடங்கிற்று. மண்வெட்டி பிடித்தற்கு ஆகாதென்று கவலைப்பட்ட அதே கைகள் எழுதுகோலாற் பிழைக்கத் தொடங்கின. அதற்குமேல் அவர் கற்றவை யாவும் ஓய்வு வேளையிற் பிறரை அண்டியும் தாமே முயன்றும் கற்றவையாகும்.

இல்லறமும் பள்ளித்தொழிலும்

1818-இல் அவர் மாவட்டத் தலைநகராகிய டார்செஸ்டருக்குச் சென்று, வேறொரு வழக்கறிஞரிடம் எழுத்தராய் அமர்ந்தார். அங்கே ஒருநாள், ஊருக்குப் புதிதாய் வந்த குடும்பம் ஒன்று பயணவண்டியிலிருந்து இறங்குவதைக் கண்டார். அக்குடும்பத்தின் இளமகள் ஜூலியா மைல்ஸ் என்பாள். அவளையே மணத்தல் வேண்டும் என்று அவர் அன்றே உறுதிகொண்டார். அவள் தந்தையோ சுங்க அதிகாரி. பொருளும் பதவியும் இல்லாத எழுத்தனுக்குப் பெண் கொடுக்க அவர் இசைந்திலர். பார்ன்ஸ் தளர்ந்திலர். 1823-இல் வில்ட்ஷையர் மாவட்டத்து மீர் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளியை ஏற்று நடத்தலானார். சிறிது சிறிதாக நிலை உயர்ந்தபின், 1827-இல் ஜூலியாவை மணந்தார்.

மீரில் அவர் வாழ்ந்த காலம் இன்பமானது. பகலெல்லாம் பிள்ளைகட்குக் கற்பித்தல், காலையும் மாலையும் தோட்டவேலை, இரவிலே மொழிப்பயிற்சி. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகியவற்றோடு இத்தாலியம், ஜெர்மன், வேல்சு, எபிரேயம், பாரசீகம், இந்துஸ்தானி முதலிய மொழிகளையும் அவர் பயின்றார். மரத்திற் படம் செதுக்கும் தொழிலும், குழலும் வயலினும் வாசித்தலும் அறிந்திருந்தார். பள்ளிக்கு வேண்டிய பாடநூல்களையும் தாமே இயற்றினார்.

1835-இல் அவர் குடும்பத்தோடு டார்செஸ்டருக்குத் திரும்பிப் பள்ளி அமைத்தார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை அவர்க்குக் குறையாயிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அக்காலத்து ஒரு விதி இருந்தது. 24 வயது கடந்தோர் தம் பெயரைப் பதிந்து, பத்தாண்டுகளில் மூன்று பருவம் மட்டும் அங்கே தங்கிப் படித்தாற் சமயவியற் பட்டம் பெறலாம். அவ்விதியின்படி பார்ன்ஸ் புனித ஜான் கல்லூரியிற் சேர்ந்தார். 1847-இல் ஆங்கிலத் திருச்சபையில் உதவிக்குரு நிலையையும், 1848-இற் குரு நிலையையும் எய்தினார்; 1850-இற் பட்டமும் பெற்றார். அவ்வாண்டுகளில் டார்செஸ்டரை அடுத்த விட்கோம் என்னும் சிற்றூர்க் கோயிற்பணியும் அவரிடம் இருந்தது.

அந்நாளில் டார்செஸ்டர் வழியாக இருப்புப்பாதை அமைக்க முற்பட்டனர். அதனாற் பவுண்ட்பரி என்னும் பழைய மண்கோட்டையும், மாம்பரி என்னும் பழைய வட்ட அரங்கும் அழியும் நிலை உண்டாயிற்று. பார்ன்ஸும், போர்டிங்டன் ஊர்ப் பாதிரியார் ஹென்றி மௌலும், பிற அன்பரும் கூடி அவற்றைக் காக்க முயன்றனர், இடங்கள் பிழைத்தன. அம்முயற்சியோடு தோன்றியதே டார்செட் மாவட்டப் பொருட்காட்சிச் சாலை. அதன் முதற் செயலாளருள் பார்ன்ஸ் ஒருவர். மண்ணிற் புதைந்த பழம்பொருளைக் காப்பதும், மக்கள் நாவிற் பதிந்த பழஞ்சொல்லைக் காப்பதும் அவர்க்கு ஒரே பணியின் இரு கூறுகளாய் இருந்தன.

பழவழக்கங்களைத் தொகுத்தமை

பார்ன்ஸ் நாட்டுப்புற வழக்கங்களை எழுதத் தொடங்கியது மீரில் இருந்தபோதே. வில்லியம் ஹோன் என்பவர் 1832-இல் வெளியிட்ட ஆண்டு நூலுக்கு, டார்செட் மக்களின் வழக்கங்களைப் பற்றி அவர் கட்டுரைகள் அனுப்பினார். அவற்றுள் ஒன்று ஊரெல்லை சுற்றுதல் பற்றியது. ஊரார் கூடி எல்லையைச் சுற்றிவரும்போது சிறுவர்களையும் அழைத்துச் செல்வர். எல்லை ஓடையானால் ஒரு சிறுவனை அதில் எறிவர். அகன்ற பள்ளமானால், தாண்டுவோர்க்குக் காசு தருவதாகச் சொல்வர். தாண்ட முயன்ற சிறுவர் சேற்றில் விழுவர். வேலியானால் அதிலிருந்தே ஒரு கழி ஒடித்து அவர்களை அடிப்பர். இவையெல்லாம் கொடுமை கருதிச் செய்தன அல்ல. எழுத்தறியாத ஊரிலே எல்லையின் நினைவு அடுத்த தலைமுறையின் உடம்பிற் பதியவேண்டும் என்பதே கருத்து. நனைந்தவனும் அடிபட்டவனும் முதுமையிலும் அவ்விடத்தை மறவான் அன்றோ!

கன்னிப்பெண்கள் தம் கணவனாய் வருபவனை அறியும்பொருட்டு, வேனில் நடுநாள் இரவில் சணல் விதை தூவிப் பின்னே திரும்பிப் பார்க்கும் வழக்கத்தையும், படுக்குமுன் காலணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கும் வழக்கத்தையும் அவர் எழுதினார். அறுவடை முடிவில் நடைபெற்ற விருந்தையும் எழுதினார். அவ்விருந்திலே பண்ணையாளரும் கூலியாளரும் உடனமர்ந்து உண்டு பாடுவர். அவ்வழக்கம் தம் காலத்தே அருகி வருவதையும் அவர் குறிக்கத் தவறிலர்.

அருகியதன் காரணம் அக்காலத்து நிலைமையே. ஊருக்குப் பொதுவாய் இருந்த மேய்ச்சல் நிலங்களைச் சட்டத்தின் வழியாக வேலியிட்டுச் செல்வர் தமதாக்கிக் கொண்டனர். ஏழைக்கு ஒரு பசுவும் சில வாத்துக்களும் வளர்த்தற்கும், அடுப்பெரிக்க முட்புதர் வெட்டுதற்கும் இருந்த இடம் போயிற்று. கூலி குறைந்தது. 1834-இல், டார்செஸ்டருக்கு அண்மையிலுள்ள டால்படில் என்னும் ஊரின் உழைப்பாளர் அறுவர், கூலி குறையாதிருக்கச் சங்கம் அமைத்து உறுதிமொழி கூறினர் என்ற காரணத்தால், டார்செஸ்டர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பெற்று ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பார்ன்ஸ் உழவர் மொழியிற் பாடிய முதற் பாட்டுக்கள் டார்செட் மாவட்டச் செய்தித்தாளில் வெளிவந்ததும் அதே 1834-ஆம் ஆண்டில்தான்.

உழவர் மொழியிற் பாட்டு

அம்முதற் பாட்டுக்கள் உழவர் இருவர் உரையாடும் வகையில் அமைந்தவை. ஒன்றில், பொது நிலம் வேலியிடப்பட்டமையால் வாத்தையும் பசுவையும் விற்கவேண்டிய நிலைபற்றி ஒருவன் மற்றவனிடம் முறையிடுகிறான். உரோமப் புலவர் வர்ஜில் ஆயர் உரையாடலாகப் பாடிய முறையைப் பின்பற்றி, அந்த முறையிலே தம் ஊர் உழவன் குறையை அவன் சொல்லாலேயே சொல்ல வைத்தார் பார்ன்ஸ். அக்காலத்து ஆங்கில நாடகங்களிலும் கதைகளிலும் நாட்டுப்புற மொழி பெரும்பாலும் நகைப்புக்கே பயன்பட்டது. பார்ன்ஸ் பாட்டில் அது துயரத்துக்கும் அன்புக்கும் உரிய மொழியாயிற்று.

1844-இல் டார்செட் மொழியில் நாட்டுப்புற வாழ்க்கைப் பாட்டுக்கள் என்னும் பொருள்படும் நூல் வெளிவந்தது. அதில் பாட்டுக்களோடு, அம்மொழியைப் பற்றிய ஆராய்ச்சியுரையும் அருஞ்சொற் பட்டியும் இருந்தன. 1859-இலும் 1862-இலும் மேலும் இரு தொகுதிகள் வந்தன. 1879-இல் மூன்றும் ஒரே நூலாயின.

அவர் பாட்டுக்கள் எளிமையாய்த் தோன்றினும், யாப்பு மிக நுட்பமானது. வேல்சு மொழிப் புலவர் மெய்யெழுத்துக்களை வரிசை மாறாமல் அடியின் இரு பாதியிலும் அமைக்கும் தொடையை அவர் தம் பாட்டுக்களில் ஆண்டார். பாரசீகர் முத்து என்று வழங்கும் ஒருவகை எதுகையையும் அமைத்தார். பலமொழி கற்ற புலமை முழுவதையும் அவர் உழவன் பேச்சுக்கு அணியாக்கினார். கேட்போர்க்கு அப்புலமை தோன்றாதபடியும் மறைத்தார்.

சொற்றொகையும் இலக்கணமும்

பார்ன்ஸ் டார்செட் மொழியின் இலக்கணத்தையும் சொற்பட்டியையும் 1863-இல் விரிவாக வெளியிட்டார். 1886-இல், தாம் இறந்த ஆண்டிலே, மீண்டும் திருத்தி வெளியிட்டார். அப்பட்டியிற் காணும் சொற்கள் மக்களின் வாழ்க்கையை அப்படியே காட்டுகின்றன. டம்பிள்டோர் என்றால் பெருந்தேனீ. ட்ராங் என்றால் இரு வேலிகட்கு இடைப்பட்ட குறுகிய வழி. பிப்பர் என்றால் குளிரால் நடுங்குதல். ஹாக்ராட் என்பது இரவில் சூனியக்காரி மேலேறி அமுக்கியதாக எண்ணப்படும் துயில்நோய். அறுவடைக் காலத்தில் உழைப்பாளன் தனக்கு நாளொன்றுக்கு ஏழுவேளை உணவு வேண்டும் என்பானாம். அவ்வேழுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. விடியலில் உண்பது பனித்துண்டு என்னும் பொருளுடையது. பனி உலர்வதற்குமுன் வயலிலே உண்ணும் சிறுவாய் என்பது கருத்து. மற்றப் பெயர்கள் ஒன்றோடொன்று எதுகையாய் வந்து, உழைப்பின் இடையிலும் நகைச்சுவை குன்றாத மக்களை நம் கண்முன் நிறுத்துகின்றன.

சொற்களினும் சிறந்தது இலக்கண ஆராய்ச்சி. டார்செட் உழவர் பேச்சு, பொது ஆங்கிலம் சிதைந்து தோன்றியது என்பதே கற்றோர் பலரின் கொள்கை. பார்ன்ஸ் அதனை மறுத்தார். ஆல்பிரட் அரசர் காலத்தில் மேலைச் சாக்சனியர் பேசிய மொழியின் நேர் வழித்தோன்றலே அஃது என்றும், பொது ஆங்கிலம் வேறொரு வட்டார வழக்கிலிருந்து எழுந்தது என்றும் காட்டினார். இறந்தகால எச்சத்தின்முன் உழவர் சேர்க்கும் அகரவொலி, பழஞ் சாக்சனிய முன்னொட்டின் எச்சம் என்றார். அவனை என்னும் பொருளில் அவர்கள் வழங்கும் சிறு சொல், பழைய இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தது என்றார். அரண்மனையும் பள்ளிக்கூடமும் மறந்தனவற்றை மாட்டுத்தொழுவம் மறவாது வைத்திருந்தது.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. அம்மக்கள் பொருள்களை இரு வகுப்பாகப் பிரித்துப் பேசினர். மரம், கல், கருவி போலத் தனக்கென வடிவு பெற்றன ஒரு வகுப்பு. நீர், புல், மணல் போல வடிவின்றித் திரளாய் இருப்பன மற்றொரு வகுப்பு. முதல் வகுப்புக்குத் தீஸ், திக் என்னும் சுட்டுக்களும், இரண்டாம் வகுப்புக்குத் திஸ், தட் என்னும் சுட்டுக்களும் வழங்கும். ஆதலின் ஒருவன் கல்லைச் சுட்டும் சொல்லாலேயே, அவன் குறித்தது முழுமையான ஒரு கல்லா, உடைத்துக் குவித்த சல்லியா என்று கேட்போர் அறிவர். கற்றோர் ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. நம் இலக்கணத்தில் உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டைச் சிறு வயதிலே கற்கும் நாம், இப்பாகுபாட்டின் நுட்பத்தை எளிதில் உணரலாம். எழுத்தறியாதவன் பேச்சிலே எழுதப்படாத இலக்கணம் ஒன்று பிழையின்றி நிற்கிறது என்பதே பார்ன்ஸ் உலகுக்குக் காட்டிய உண்மை. இதனை ஒப்பிட்டு அறிதற்காகவே அவர் அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளை ஆராய்ந்து, 1854-இல் ஒப்பிலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

துயரமும் வறுமையும்

1852-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் ஜூலியா அம்மையார் நோயால் இறந்தார். பார்ன்ஸுக்கு உலகமே இருண்டது. அவர் நாட்குறிப்பை இத்தாலிய மொழியில் எழுதுவார். அன்று தொடங்கி, தம் இறுதிக்காலம்வரை, ஒவ்வொரு நாட் குறிப்பின் முடிவிலும் மனைவியின் பெயரை அம்மொழி வடிவில் எழுதி முடித்தார் என்பர். வீட்டையும் பள்ளியையும் ஒருங்கே தாங்கிநின்ற துணை போனபின், பள்ளி தளர்ந்தது, மாணவர் குறைந்தனர், பொருள்முட்டு மிகுந்தது. மொழியாராய்ச்சி நூல்கள் புகழ் தந்தன, பொருள் தந்தில. 1861-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 70 பவுன் உதவிச் சம்பளம் அளித்தது. 1862-இற் பள்ளியை மூடினார். அதே காலத்தில் அவர் மாணவர் டோல்பர்ட் என்பவர் இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் முதல்வராய்த் தேறினார் என்ற செய்தி வந்தது. ஆசிரியர் பெருமை நாடெங்கும் பரவியபோது கற்பித்த பள்ளி இல்லை.

ஜூலியாவின் பிரிவு அவர் பாட்டிலும் நிலைபெற்றது. குடும்பம் வீடு மாறும்போது, இறந்தவர் உயிர் பழைய வீட்டிலேயே தங்கித் தேடி அலையும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. ஓக் குன்று என்னும் பாட்டிலே, மனைவியை இழந்த ஒருவன் வீட்டுப்பொருள்களை வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, புது வீட்டுக்கு அவளையும் அழைத்துச் செல்வான்போலத் தன் கையை நீட்டிப் பிடித்தவாறு வழி நடக்கிறான். மேலே கூறிய பாரசீக முத்து யாப்பில் அமைந்தது இப்பாட்டே. சிற்றூரார் நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்காது, அதனுள் இருந்த அன்பைக் கண்டெடுத்த உள்ளம் அவருடையது.

கேம் ஊர்ப் பாதிரியார்

1862-இல், டார்செஸ்டருக்கு அடுத்த விண்டர்போர்ன் கேம் என்னும் சிற்றூரின் குருப்பதவி, நிலக்கிழார் ஒருவரின் நல்லெண்ணத்தால் பார்ன்ஸுக்குக் கிடைத்தது. அப்போது அவர்க்கு வயது 61. வைக்கோல் வேய்ந்த குருமனையில் மக்களோடு குடியேறினார். அதுமுதல் 24 ஆண்டுகள் அவ்வூரே அவர் உலகம்.

முழங்கால்வரை நிற்கும் காற்சட்டை, வெள்ளிப் பூட்டு அமைந்த காலணி, தோளில் மேலாடை, கையில் தடி, மார்பளவு நீண்ட வெண்தாடி: இக்கோலத்தோடு அவர் வீடுதோறும் சென்று நோயுற்றோரைக் கண்டு பேசுவார். அவர்கள் பேச்சிலேயே அவர் பேசினமையால், பாதிரியார் முன் நாணி வாயடைத்து நிற்போரும் மனந்திறந்து பேசினர். அவர் தொகுத்த சொல்லும் கதையும் இவ்வாறு அன்பினாற் கிடைத்தவை.

டார்செஸ்டரிலும் பிற ஊர்களிலும் கூட்டங்கூட்டித் தம் பாட்டுக்களைத் தாமே படித்துக் காட்டுவார். உழைப்பாளரும் அவர் மனைவியரும் பிள்ளைகளும் கேட்டுச் சிரித்தனர், கண்ணீரும் வடித்தனர். மேடையிலிருந்து தம் வீட்டுப் பேச்சைக் கேட்பது அவர்க்கு அதுவே முதன்முறை.

இளைஞர் ஒருவரும் அவரிடம் நெருங்கிப் பழகினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற தாமஸ் ஹார்டியே அவர். 1856-இல், தம் 16-ஆம் வயதில், பார்ன்ஸ் பள்ளிக்கு அடுத்த வீட்டிலே கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயின்ற ஹார்டி, இலக்கண ஐயம் தோன்றும்போதெல்லாம் பார்ன்ஸிடம் ஓடி வந்து தெளிவார். 1886-இல் வெளிவந்த ஹார்டியின் கதை ஒன்றில், நகரத் தலைவரான தந்தை, மகள் வாயில் நாட்டுப்புறச் சொல் வருவதைக் கேட்டுச் சினக்கிறார். அம்மகள் அஞ்சி, டம்பிள்டோர் முதலிய தாய்மொழிச் சொற்களை ஒவ்வொன்றாக விட்டு, நாகரிகச் சொற்களைப் பழகுகிறாள். பார்ன்ஸ் தம் சொற்பட்டியை இறுதியாக வெளியிட்ட அதே ஆண்டில் அக்கதை தோன்றியமை சிந்திக்கத்தக்கது. ஒருவர் தொகுத்தார், மற்றவர் தொகுக்க வேண்டி வந்த காரணத்தைக் காட்டினார்.

தூய மொழி முயற்சி

பார்ன்ஸின் மற்றொரு முயற்சியையும் கூறல் வேண்டும். ஆங்கிலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் மலிந்தமையால், கல்லாதவன் தன் மொழியிலேயே பாதியை அறியமாட்டாதவன் ஆனான் என்பது அவர் கருத்து. ஆகவே பிறமொழிச் சொற்களை நீக்கிப் பழஞ் சாக்சனிய வேரிலிருந்தே சொல் ஆக்கலாம் என்றார். இலக்கணத்தைப் பேச்சுத்திறம் என்றும், தருக்கத்தைத் தெளிவுத்திறம் என்றும், முன்னுரையை முற்கூற்று என்றும், நிழற்படத்தைக் கதிரச்சு என்றும், பலர் ஏறும் வண்டியை மக்கள்வண்டி என்றும் பொருள்படும் சொற்களை ஆக்கினார். 1878-இல் அத்தகைய சொற்களாலேயே ஓர் இலக்கண நூலும் 1880-இல் ஒரு தருக்க நூலும் எழுதினார்.

நடுநின்று கூறின், இம்முயற்சி பெரிதும் வெற்றிபெற்றிலது. சொற்கள் பல விந்தையாய்த் தோன்றின. வழக்கில் ஊன்றிய சொல்லைப் பெயர்த்தல் ஒருவரால் ஆவதன்று. ஆயினும் அதே நெறியில் வில்லியம் தாம்ஸ் என்பவர் 1846-இல், மக்கள் என்னும் பொருளுடைய சொல்லையும் அறிவு என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்து ஆக்கிய போக்லோர் என்னும் சொல், நாட்டார் வழக்காற்றைக் குறிப்பதாய் உலகெங்கும் பரவியுள்ளது. மக்களுக்கு விளங்கும் மொழியிற் கல்வி அமைதல் வேண்டும் என்ற பார்ன்ஸின் நோக்கமும் பழுதுடையது அன்று.

இறுதிக் காலம்

முதுமையில் நோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. 1885-இல், படுக்கையிலிருந்தபடியே, தம் இறுதிப் பாட்டை மகளார்க்குச் சொல்லி எழுதுவித்தார். மாலையில் ஒவ்வொருவராய் வீடு திரும்புவோர்க்குப் பின்னே வாயிற்கதவு விழுந்து மூடும் ஓசையே அதன் பொருள். ஜான் உடால் என்பவர் தொகுத்த டார்செட் நாட்டார் வழக்காறுகள் என்னும் நூலுக்கு முற்கூற்று அளித்ததும் 1886-இல், தம் வாழ்வின் கடைசித் திங்கள்களிலே. அந்நூல் அச்சேறியது 36 ஆண்டுகட்குப் பின், 1922-இல். இளமையில் ஹோன் நூலுக்கு எழுதத் தொடங்கிய பணியை, இறக்குந்தறுவாயிலும் அவர் விடவில்லை.

1886-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தாம் பணிசெய்த கேம் கோயில் முற்றத்திலே அடக்கம் செய்யப்பெற்றார். அடக்கத்துக்கு நடந்து வந்த ஹார்டி, சாய்ந்த கதிரவன் ஒளி பேழையின்மேற் பட்டுத் தொலைவில் மின்னியதைக் கண்டார்; வழியில் எதிர்ப்படும்போது பார்ன்ஸ் கையசைத்து விடைபெறுவது போல அது தோன்றியதெனப் பின்னர் ஒரு பாட்டிற் பாடினார். 1889-இல் டார்செஸ்டரில் புனித பீட்டர் கோயிலின் முன் பார்ன்ஸின் உருவச்சிலை நிறுவப்பெற்றது. 1908-இல் ஹார்டியே அவர் பாட்டுக்களைத் தெரிந்து பதிப்பித்தார். 1901-இல் இசையறிஞர் வான் வில்லியம்ஸ் பண்ணமைத்த லிண்டன் லீ என்னும் அவர் பாட்டு, இன்றும் ஆங்கில நாட்டில் பாடப்படுகிறது.

1847-இல் இருப்புப்பாதை டார்செஸ்டருக்கு வந்தது; 1870-இல் நாடெங்கும் தொடக்கக் கல்விக்குச் சட்டம் பிறந்தது. பள்ளியிற் பொதுமொழி நிலைக்க, வீட்டுமொழி தேய்ந்தது. பார்ன்ஸ் இவற்றைத் தடுத்தாரல்லர், தடுக்கவும் இயலாது. அவர் தாமே ஆசிரியர். பொதுமொழியைப் பிள்ளைகட்குக் கற்பித்தவர். பொதுமொழி கற்பதற்காகத் தாய் பேச்சை இகழ வேண்டுவதில்லை என்பதே அவர் தம் வாழ்க்கையாற் காட்டியது. அவர் தொகுத்திராவிடின், சுட்டு நான்கையும் பகுத்துப் பேசிய அம்மக்களின் அறிவு அவர்களோடே மறைந்திருக்கும்.

நம் வீடுகளிலும் பாட்டியர் வாயில் வழங்கும் சொற்களும், எல்லைக்கல்லைப் பற்றியும் அறுவடையைப் பற்றியும் அவர்கள் கூறும் கதைகளும் உண்டு. கல்வி கற்ற நம் இளைஞர், விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவற்றை நகைக்காமற் கேட்டு ஒரு சுவடியிற் குறித்துவைப்பாராயின், பார்ன்ஸ் பாதிரியார் வரலாற்றைப் படித்ததன் பயன் முழுதும் கைகூடும்.